வெள்ளி தோண்டிய ஊரில் தம்பிக்கு ஒரு பலகை

இதை எழுதுவதா விடுவதா என்று வருஷக்கணக்காக இழுத்தடித்துவிட்டேன். பேனையை எடுப்பேன், பக்கத்து அறையிலிருந்து அம்மா கூப்பிடுவா, வைத்துவிட்டு எழும்பிப் போவேன். கண் தெரியாமல் போன பிறகு அம்மாவுக்குக் காது கூர்மையாகிவிட்டது. வீட்டில் ஒரு கடதாசி சரசரத்தாலும் என்ன எழுதியிருக்கு, வாசி என்று யாரையாவது பிடித்துக்கொள்வா. இது அவவின் காதில் விழக்கூடாத சங்கதி. போன தபசு காலத்தில் அம்மா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தா. இனி மறைக்க யாரும் இல்லை. கசப்பு மட்டும் அப்படியே கிடக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். எழுதிவிடு பிள்ளை என்றார் சுவாமி.

நான் கொட்டாஞ்சேனையில் குடும்பம் நடத்துகிறவள். கொன்வென்ற்றில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. காலைப் பூசை, சமையல், அம்மாவைப் பார்ப்பது, மாலையில் செபமாலை, இதுதான் இவ்வளவு காலமும் என்னுடைய நாள். ஆகையால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பவத்தில் பிழை இல்லை.

என் தம்பி சேவியர் கப்பலில் கோப்பை கழுவப் போனவன். அங்கிருந்து அமெரிக்காவில் ஒரு மலை ஊருக்குப் போனான். அந்த ஊரின் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கம் இருந்த ஊர், இப்போது காசுள்ளவர்கள் பனியில் சறுக்கி விளையாடுகிற ஊர் என்று தெரிந்தால் போதும். அங்கே ஒரு ஹோட்டலில் அவனுக்குக் கோப்பை கழுவுகிற வேலை. பனி அதிகமாகக் கொட்டினால் கூரையில் ஏற்றிவிடுவார்கள், பனியைத் தள்ளிவிட. தொற்று வருத்தம் உலகமெல்லாம் பரவி விமானங்கள் நின்றிருந்த அந்தக் காலத்தில் ஒரு காலை கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து, அவனையும் கீழே கொண்டுபோய் மூடிவிட்டது. பிரேதப் பெட்டியை ஊருக்கு அனுப்ப வழியில்லை. குளிர்காலத்தில் அங்கே நிலம் கல்லாகிவிடும், குழி வெட்ட முடியாது. பனி உருகும் வரை அவனைக் குளிர் அறையில் வைத்திருந்து, அந்தப் பங்குச் சுவாமிதான் பழைய சேமக்காலையில் கத்தோலிக்கரின் பகுதியில் அடக்கம் செய்தார். எங்களுக்கு வந்தது ஒரு போட்டோ. ஈரமண் மேடு, அதன் தலைமாட்டில் ஒரு குச்சி. பெயர் இல்லை.

அம்மாவுக்குப் போட்டோ தெரியாது. அவ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பேர் போட்டிருக்கா?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதையே கேட்டா. பெயர் இல்லாத குழிக்கு மெழுகுதிரி கொளுத்தினால் அது யாருக்குப் போய்ச் சேரும் என்பது அம்மாவின் கவலை. விமானங்கள் திரும்ப ஓடத் தொடங்கியதும் நான் புறப்பட்டேன். எப்படி விசா கிடைத்தது, யார் உதவினார்கள் என்பதெல்லாம் வேறு கதை. ஜம்பட்டா வீதியில் போர்ட் எழுதுகிறவரிடம் ஒரு தகரம் எழுதுவித்தேன். கறுப்பில் வெள்ளை எழுத்து, மேலே சிலுவை. தமிழிலும் இங்கிலீசிலும் முழுப்பெயர், பிறந்த நாள், இறந்த நாள், கொட்டாஞ்சேனை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு அங்கே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதல் நாள்

அங்கே போய் இறங்கின விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். கல்லறைக்கு என்று சொன்னேன். தன் மேலாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் சிலுவையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டான். அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது, அதை மறைக்கக் கூடாது.

அங்கிருந்து மலைக்கு ஒரு சின்ன வேன். ஏற ஏறத் தலை சுற்றியது. நுவரெலியா ஏற்றம் எனக்குப் பழக்கம்தான், ஆனால் இது நுவரெலியாவின் தலைக்குமேல் இன்னொரு நுவரெலியாவை வைத்த மாதிரி. இரண்டு தரம் வேனை நிறுத்தி வாந்தி எடுத்தேன். சாரதி நல்ல மனுஷன், தண்ணீர்ப் போத்தல் தந்தான். எந்த ஹோட்டலில் வேலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டான். வேலைக்கு இல்லை என்றேன். என் இங்கிலீசு அவனுக்கு விளங்கவில்லையோ, என் முகத்தை மட்டும் பார்த்தானோ தெரியாது. பள்ளத்தாக்கில் வேலைக்காரர்கள் இருக்கிற ஊரில் இறக்கச் சொன்ன என்னை, மேலே கொண்டுபோய் ஒரு பெரிய ஹோட்டலின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகள் இருக்கிற வாசலில் இறக்கிவிட்டான். அறை கூட்டுகிற பெண்கள் எல்லாரும் அங்கேதான் இறங்குவார்களாம்.

நல்ல காலத்துக்கு ரொஷானின் நம்பர் இருந்தது. ரொஷான் வத்தளைப் பையன், சிங்களக் கத்தோலிக்கன், அந்த ஊரில் சமையல்காரன். தம்பியோடு ஒரே அறையில் இருந்தவன். கீழ் ஊரில் எனக்காகக் காத்திருந்தவன் பஸ் பிடித்து மேலே வரும்வரை அந்த வாசலில் குளிரில் நின்றேன். வந்தவன் ஓடிவந்து பெட்டியைத் தூக்கினான். நிமிர்ந்து நல்லாய்ப் பார்க்கலாம் என்று நான் அண்ணாந்தபோது, தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"மேலே பார்க்காதீங்க அக்கே."

அப்போதுதான் விளங்கியது எந்த ஹோட்டல் என்று.

கீழே போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் வேலை முடித்தவர்கள், எல்லாரும் நித்திரை. தெமட்டகொடை ரயில்வே யாட்டிலிருந்து வேலை விட்டு வருகிறவர்கள் பஸ்ஸில் இப்படித்தான் தலையை ஆட்டிக்கொண்டு வருவார்கள். ரொஷானின் இருப்பிடம் சக்கரம் கழற்றிய ஒரு கரவன் வண்டி. அதற்குள் பெரு நாட்டிலிருந்து வந்தவர்கள், பிலிப்பைன்சிலிருந்து வந்தவர்கள், அடுக்குக் கட்டில்கள். தம்பியின் கட்டிலில் இப்போது வேறு ஒருவர். ரொஷான் எனக்காகப் பருப்பு காய்ச்சி வைத்திருந்தான். நான் பெட்டியைத் திறந்து சீனிச் சம்பலையும் மாசிக் கருவாட்டையும் எடுத்தேன். பெரு நாட்டுக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறந்துவிட்டார். என்ன செத்தது என்று கேட்டாராம். கொஞ்ச நேரத்தில் பாணைப் பிய்த்துக்கொண்டு வந்து சம்பலில் தொட்டு, திரும்பத் திரும்பத் தொட்டு, கடைசியில் போத்தலையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அக்கே, இனி மாசியையாவது பூட்டி வைக்கணும்" என்றான் ரொஷான். அன்று சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

இரண்டாம் நாள்

ஊரைப் பார்க்கப் போனோம். பனி விளையாட்டு இன்னும் தொடங்காத மாதம். கடைகளில் பாதி பூட்டு. மலைச்சரிவில் இயந்திரங்கள் இரைந்துகொண்டு பொய்ப்பனியை ஊதிக்கொண்டிருந்தன. ஆண்டவர் கொடுக்கும்வரை காத்திருக்க அவர்களுக்கு நேரம் இல்லை.

தெரு முழுக்கப் பழைய பலகை வீடுகள். மஞ்சள், நீலம், ரோஸ் என்று தொதல் இனிப்புக் கடைப் பெட்டிகள் மாதிரிப் பூசி வைத்திருக்கிறார்கள். எல்லாக் கடைக்கும் சுரங்கத்துப் பெயர். கோப்பிக் கடையில் கூடச் சுவரில் சுரங்கத் தொழிலாளரின் படங்கள், மீசையும் கரிமுகமுமாக. அந்தக் கண்களுக்கு முன்னால் நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்கள் கேக் சாப்பிடுகிறார்கள்.

அங்கே பழைய சாமான்களைக் காட்டுகிற ஒரு சின்ன நூதனசாலை. அதைப் பார்த்துக்கொள்கிற அம்மா, உற்சாகமான பெண், எங்களை ஒவ்வொரு அறையாக அழைத்துக்கொண்டு போனா. ரொஷான் பக்கத்தில் நின்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தான். மலைக்குள் வெள்ளி இருக்கிறது என்று ஒருவன் கண்டான். சனம் வந்து குவிந்தது. அயர்லாந்து, இத்தாலி, இன்னும் எங்கெங்கோ இருந்து. கோவேறு கழுதைகளைக் குகைக்குள் இறக்கினால் அவை செத்தால்தான் வெளியே வரும். ஒரு நாள் அரசாங்கம் வெள்ளி வாங்குவதை நிறுத்தியது. விலை விழுந்தது. ஊர் காலியானது, இருந்தவர்கள் அடுத்த வீட்டுப் பலகையை உடைத்து அடுப்பெரித்தார்கள். பிறகு உலக யுத்தம் முடிந்து, பனியில் சறுக்கப் பழகிய ஆட்கள் வந்தார்கள். கல் இறக்கின கம்பிக்கயிற்றிலேயே கதிரையைக் கட்டி ஆட்களை மேலே ஏற்றினார்களாம். வெள்ளி கீழே வந்த பாதையால் இப்போது பணம் மேலே போகிறது என்று அந்த அம்மாவே சொல்லிச் சிரித்தா. எத்தனையோ தரம் சொல்லிப் பழகிய சிரிப்பு.

ஒரு தொழிலாளியின் குடிசையை அப்படியே வைத்திருக்கிறார்கள். கட்டில், கேத்தல், பழைய சப்பாத்து, சட்டம் போட்ட மாதா படம். கயிறு கட்டி, தொடக்கூடாது என்று எழுதியிருக்கிறது. ரொஷான் எட்டிப் பார்த்தான்.

"பாருங்க அக்கே, செத்தவனுக்கு இங்க தனி ரூம். எங்களுக்குத்தான் இல்ல."

எங்கள் ஊரிலும் இதுதான் நடக்கிறது, அதனால்தான் எனக்கு எரிந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள் நெருக்கியடித்து இருந்த தோட்டத்து வரிசை வீடுகளை இடித்து மாடி கட்டுகிறார்கள், மாடி வாசலில் பாய்க்கப்பல் படம் மாட்டுகிறார்கள். மூட்டை தூக்கினவனின் பிள்ளை எங்கே போனான் என்று படத்தைப் பார்க்கிறவன் கேட்கிறானா? இன்னும் கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக் குசினியையும் அடுப்போடு கயிறு கட்டிக் காட்டுவார்கள்.

திரும்பும் வழியில் அந்த ஹோட்டலுக்குள் முன்வாசலாலேயே போனேன். ரொஷான் வேண்டாம் என்றான், நான் கேட்கவில்லை. உபசரிக்கிற மேசையில் இருந்த பெண் நல்ல மாதிரி. சூடான கொக்கோ கொண்டுவரச் சொன்னா. உங்கள் தம்பி எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா. பிறகு, மன்னிக்க வேண்டும், அவருடைய பெயர் என்ன என்று கேட்டா. கொக்கோவை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள்

சேமக்காலை ஊருக்கு மேலே, மரங்களுக்கு நடுவில். வெள்ளை மரங்கள், இலை கொட்டி நின்றன. பழைய கல்லறைகளில் பணக்காரர்களுக்குக் கல், தொழிலாளருக்குப் பலகை. பலகைகள் உக்கிப்போய், சிலதில் ஒரு எழுத்து, சிலதில் அதுவும் இல்லை. தம்பியின் குழி ஓரத்தில். மேடு அமுங்கிப் புல் முளைத்திருந்தது. குச்சியும் இல்லை. ரொஷான் பக்கத்து மரத்தைக் கணக்கு வைத்துத்தான் கண்டுபிடித்தான். முழங்காலில் இருந்து செபமாலையில் ஒரு பத்து மணி உருட்டினேன். குளிர் முழங்காலுக்குள் ஏறியது.

தகரத்தை நடுவதற்கு அனுமதி வேண்டும் என்றார் பங்குச் சுவாமி. அவர் பல ஊர்களுக்கும் காரில் ஓடுகிற வயதான மனுஷன். நிலம் கோயிலுடையது, ஆனால் வெளியே தெரிகிற எதையும் முடிவு செய்வது ஊரின் பழமையைக் காக்கிற சபை. அந்தச் சபையின் தலைவியைப் பார்க்கப் போனோம். வெள்ளைத் தலைமுடி, மெல்லிய குரல், தேத்தண்ணி தந்தா. ஆறின தண்ணீரில் தேயிலைப் பையை மிதக்கவிட்ட தேத்தண்ணி. தகரத்தைக் கையில் வாங்கி, மிகவும் அழகு என்றா. பிறகு மெதுவாக விளக்கினா. சேமக்காலை சுரங்கக் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். சுரங்கம் மூடினதற்குப் பிறகு வந்தது எதுவும் அங்கே கண்ணில் படக்கூடாது. அதுதான் விதி.

நான் ரொஷானிடம் சொன்னேன், இவவிடம் கேள், என் தம்பி செத்ததே அதற்குப் பிறகுதானே என்று.

ரொஷான் கேட்டான். தலைவி தலையை ஆட்டினா. ரொஷான் என்னைப் பார்க்காமல் திருப்பிச் சொன்னான்.

"அதுதான் சிக்கலாம்."

கடைசியில் ஒரு வழி சொன்னா. பழைய மாதிரியில் ஒரு பலகை நடலாம். அதைச் செய்கிற தச்சன் இருக்கிறான், சபையே செய்து தரும். பெயர் மட்டும். வருஷம் போட முடியாது, ஊர் போட முடியாது. பலகையின் அகலத்துக்கு நீண்ட பெயர் கொள்ளாது, முதற்பெயரும் மற்றப் பெயரின் முதல் எழுத்தும்தான்.

நான் எழும்பி வந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். அந்த அறையில் எனக்குக் கேட்டது அம்மாவின் குரல்தான். பேர் போட்டிருக்கா? ரொஷானும் சொன்னான், பேர் ஒண்டு நிக்கட்டும் அக்கே, ஒண்டும் இல்லாததுக்கு இது பெரிசு என்று. சரி என்று தலையாட்டினேன்.

தச்சனின் பட்டறையில் நான் பார்த்ததை மறக்க முடியாது. நல்ல வெள்ளைப் பலகை, புதுசு, மரத்தின் மணம் இன்னும் போகவில்லை. அதில் எழுத்துகளைச் செதுக்கினான், சுத்தமான வேலை. பிறகு நெருப்பு ஊதுகிற குழாயால் மேலெல்லாம் கருக்கினான். கம்பிப் பிரஷால் தேய்த்து நார் எழும்பச் செய்தான். துருப்பிடித்த இரும்பை ஊறப்போட்ட வினாகிரியைத் துணியில் நனைத்துப் பூசினான். என் கண் முன்னால் பலகை சாம்பல் நிறமாகியது. ஓரத்தை உளியால் பெயர்த்து உக்கினது மாதிரி ஆக்கினான். ஒரு பின்னேரத்துக்குள் என் தம்பியின் பெயருக்கு நூறு வயது கூடிவிட்டது.

"அக்கே, உங்களையும் கொஞ்சம் தேய்ச்சா மியூசியத்தில வைக்கலாம்" என்று ரொஷான் பகிடி விட்டான். நான் அவன் கையில் ஒரு அடி போட்டேன். அவனும் அழுகையை அடக்கத்தான் அப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியும்.

தச்சன் தலை நிமிரவே இல்லை. முடிந்ததும் இரண்டு கையாலும் பலகையைத் தூக்கி, குழந்தையைத் தருவது போல என்னிடம் தந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நான்காம் நாள்

ஆத்துமாக்கள் திருநாள். எங்களுக்கு அது என்ன நாள் என்று கொட்டாஞ்சேனைச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் நாளே கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்போம். பின்னேரம் மாதம்பிட்டிச் சேமக்காலையில் கால் வைக்க இடம் இராது. மழை வந்தால் குடையை நமக்குப் பிடிக்காமல் மெழுகுதிரிக்குப் பிடிப்போம். சுவாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். நம்முடைய கல்லறைக்குக் கொளுத்தின கையோடு பக்கத்தில் ஆள் வராத கல்லறைகளுக்கும் ஒவ்வொன்று கொளுத்திவிட்டுத்தான் வருவோம். அந்த ஆத்துமாக்கள் நம்முடைய ஆத்துமாவுக்குத் துணை.

காலையில் சுவாமி பூசை வைத்தார். கோயிலில் நாங்களும் மெக்சிக்கோக்காரச் சில குடும்பங்களும். பின்னேரம் ரொஷான் கடப்பாறையோடு வந்தான். நிலம் இன்னும் முழுசாக இறுகவில்லை. அவன் தோண்டினான். நான் தகரத்தைத் துணியில் சுற்றிக் குழிக்குள் முதலில் வைத்தேன், முகம் மேலே பார்க்க. கண்ணில் படக்கூடாது என்றுதானே சொன்னார்கள். அதற்கு மேல் பலகையை நட்டு மண்ணை மிதித்தோம். பனித்தூறல் லேசாக விழுந்தது.

கொச்சிக்கடைக் கோயில் வாசலில் வாங்கிக்கொண்டு போன மெழுகுதிரிகளைத் தம்பியின் தலைமாட்டில் நிரையாகக் கொளுத்தினேன். பிறகு வழக்கப்படி சுற்றியுள்ள பலகைகளுக்கும், கல்லே இல்லாத மேடுகளுக்கும். வெளிச்சம் மங்குகிற நேரம். அந்த மூலை முழுக்க விளக்கு. நான் கறுப்புச் சட்டை, தலையில் கறுப்பு லேஸ் முக்காடு. பெரிய பூசைகளுக்கும் செத்தவீட்டுக்கும் நான் போடுகிறதுதான் அது. முழங்காலில் இருந்து நித்திய இளைப்பாற்றி செபம் சொல்லத் தொடங்கினேன்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள்.

அந்தக் கிழமையில் அங்கே பேய்க்கதை நடை என்று ஒன்று நடக்கும் என்பது எனக்குத் தெரியாது. ரொஷானுக்குத் தெரியும், ஆனால் அது முந்தின நாளோடு முடிந்தது என்று நினைத்திருக்கிறான். பழங்காலத்துத் தொப்பியும் நீண்ட கறுப்புக் கோட்டும் போட்ட ஒருவன், கையில் லாந்தர், பின்னால் ஒரு கூட்டம் ஆட்கள். மெழுகுதிரிகளைக் கண்டதும் கூட்டம் ஆவென்று வாய் பிளந்தது. போன்களை எடுத்தார்கள்.

லாந்தர்க்காரன் ஒரு நொடி திகைத்தான். பிறகு தம்பியின் பலகைக்கு வெளிச்சத்தைக் காட்டி, பெயரை வாசித்து, கதை சொல்லத் தொடங்கினான். எனக்குப் பாதி விளங்கியது. மீதியை ரொஷான் பல்லைக் கடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னான். சேவியர். எங்கிருந்து வந்தவன் என்று ஒருவருக்கும் தெரியாது. வெள்ளிக்கு ஆசைப்பட்டுக் கடல் தாண்டி வந்தவன். ஒரு நாள் சுரங்கம் இடிந்து அவனை மூடியது. தோண்டி எடுத்தபோது கையில் ஒரு வெள்ளிக்கல்லை இறுகப் பிடித்திருந்தான். அவன் விரல்களைப் பிரிக்க யாராலும் முடியவில்லை.

நான் எழும்பினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசு அவ்வளவுதான். மை பிரதர் என்றேன்.

லாந்தர்க்காரன் தொப்பியைக் கழற்றி எனக்குக் குனிந்தான். கூட்டத்தின் பக்கம் திரும்பினான். குரலை இன்னும் தாழ்த்தினான்.

"இதோ, அவனுடைய சகோதரி. இன்னும் வருகிறாள். ஒவ்வொரு வருஷமும் இதே நாளில்."

கை தட்டினார்கள். ஒரு பெண் கிட்ட வந்து என்னுடைய முக்காட்டைப் படம் எடுத்தாள். அற்புதம், அற்புதம் என்றாள். கையில் செபமாலையோடு நான் நிற்கிறேன்.

ரொஷான் குசினியில் பழகின இங்கிலீசில் கத்தினான். அதை இங்கே எழுத முடியாது. கடைசியில்தான் லாந்தர்க்காரனுக்கு விஷயம் ஏறியது. முகம் வெளுத்துப்போனது. சபைதான் எங்களை நடிக்க அனுப்பியது என்று நினைத்தானாம். மன்னிப்புக் கேட்டான், உண்மையாகத்தான் கேட்டான். ஆனால் கூட்டத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர்களை அடுத்த கல்லறைக்கு அழைத்துக்கொண்டு போனான். போகும்போது திரும்பி வந்து ரொஷானிடம் இன்னொன்று சொன்னான். இங்கே நெருப்புக் கொளுத்தக்கூடாது என்பது விதி, போகும்போது தயவுசெய்து அணைத்துவிடுங்கள்.

நான் அணைக்கவில்லை. கடைசித் திரி எரிந்து தீரும்வரை இருவரும் குளிரில் நின்றோம்.

திரும்பின நாள்

காலையில் வேனுக்குக் காத்திருக்கும்போது ரொஷான் எனக்கு முட்டை ரொட்டி சுற்றித் தந்தான். வேன் வருகிற வரைக்கும் நான் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு யார் தம்பியை எடுத்தது? தானும் இன்னும் சமையலறை ஆட்களும் கையாலே தோண்டினதாகச் சொன்னான். மேலாளர் பிறகு வந்து, யாரும் சொல்லாமல் சேவியர் தானாகவே கூரையில் ஏறினான் என்று எழுதித் தரச் சொன்னாராம். ரொஷான் எழுதவில்லை. அதனால்தான் இப்போது வேறு ஹோட்டலில் வேலை. தோண்டி எடுத்தபோது தம்பியின் கையில் என்ன இருந்தது என்றும் கேட்டேன். சொன்னான். வேன் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கையைப் பிடித்தா. பேர் போட்டாச்சா? போட்டாச்சு அம்மா. பெரிய எழுத்திலயா? ஓம் அம்மா, செதுக்கியிருக்கு. அதற்குப் பிறகு அம்மா நிம்மதியாக நித்திரை கொண்டா. அவ இருந்த வரைக்கும் அவ்வளவுதான் அவவுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு ரொஷான் எனக்குப் போன் எடுத்தான். மெழுகுதிரி கொளுத்தப் போனானாம். லாந்தர்க்காரன் மாறிவிட்டான், கதை மாறவில்லை. வளர்ந்திருக்கிறது. சேவியருக்கு இப்போது ஊரில் நிச்சயம் பண்ணின பெண் ஒருத்தி இருக்கிறாள். கறுப்பு முக்காட்டோடு வருகிற சகோதரியும் இருக்கிறாள், அவளைக் கண்ட ஆட்களும் இருக்கிறார்கள்.

"அக்கே, நீங்களும் இப்ப அங்க பேய்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

அந்த ஊர்ச் சபைக்கு எங்கள் சுவாமியைக் கொண்டு எழுதுவித்தேன். தன்மையான பதில் வந்தது. கதை எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, யாருக்கும் தீங்கில்லை, உங்கள் தம்பியை இத்தனை பேர் நினைக்கிறார்களே என்று.

அவர்கள் நினைப்பது என் தம்பியை இல்லை. அதற்காகத்தான் இதை எழுதினேன். இதை வாசிக்கிறவர்கள் தங்கள் ஆட்களுக்கும் கொடுங்கள், அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். என்னைத் தெரிந்தவர்களிடம் முக்கியமாக ஒன்று கேட்கிறேன், என் மேல் உள்ள அன்பில் இதில் எதையும் அழகாக்கிச் சொல்ல வேண்டாம். நல்லவன் என்று கூடச் சேர்க்க வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் இவ்வளவையும் சொல்லுங்கள்: அவன் பெயர் சேவியர் சவரிமுத்து. கொட்டாஞ்சேனை. ஹோட்டலில் கோப்பை கழுவினான். கூரைக்கு ஏறச் சொன்னார்கள், ஏறினான். அந்த ஊரில் வெள்ளி முடிந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, நம்முடைய நாட்களில் செத்தான். அவனைத் தோண்டி எடுத்தபோது கையில் ஒன்றும் இருக்கவில்லை.